நகராத பலகை

"காபியை அதுமேல வைக்காதே அண்ணா!"

கோமளம் போட்ட சத்தத்தில் ஆராவமுதனின் கை டம்ளரோடு அந்தரத்தில் நின்றது.

அன்று மல்லேஸ்வரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கத்தில் கோமளத்தின் அண்ணா ஆராவமுதன். கோமளத்தின் கணவர் சீனிவாசராகவன் காலமானதிலிருந்து இந்த வீட்டுக்கும் பெரியவர் தாம்தான் என்பது அவர் எண்ணம். அவருக்கு வலப்பக்கம் மனைவி சரசு, மடியில் மாம்பழ நிறப் பட்டுப்புடவையோடு. ஜன்னலோரம் மோடாவில் கோமளத்தின் ஒரே மகள் அனுஷா, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. கோமளம் மட்டும் உட்காரவில்லை. மேஜைக்குக் காவல் போட்டதுபோல் நின்றாள்.

காரணம், மேஜைமேல் இருந்த பலகை. உண்மையில் இரண்டு ப்ளைவுட் பலகைகள். அவற்றின் நடுவே, கம்பளித் துணியின்மேல், மூவாயிரம் துண்டு ஜிக்சா படம் ஒன்று முக்கால்வாசி கோத்தபடி கிடந்தது. பலகைகள் நகராமல் நாலு பக்கமும் பாவாடை நாடா போட்டுக் கட்டியிருந்தாள். துறைமுகம், படகுகள், கரையோரத்து வீடுகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. வானம்தான் பாக்கி.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரா. பஜ்ஜித் தட்டை எங்க வைக்கறதாம்? உன் தலைமேலயா?" என்றார் ஆராவமுதன்.

"கையில குடுத்தா சாப்பிட மாட்டாளா?"

"கட்டிலுக்கு அடியில தள்ளிடேன், கோமளம்," என்றாள் சரசு.

"அங்க ஓதம் ஏறறது மன்னி. அட்டை உப்பிடும்."

"அப்போ சுவத்துல சாச்சு வை."

"நிமித்தினா மொத்தமும் சரிஞ்சு ஒரு மூலைக்கு வந்துடும். அது படுக்கையாத்தான் இருக்கணும்."

"கலைச்சு டப்பாவில போடு, தொலைஞ்சுது!" ஆராவமுதன் நாடா முடிச்சில் கை வைத்தார். "கல்யாணமெல்லாம் முடியட்டும், அப்புறம் முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கோ."

கோமளம் அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"தொடாதே."

"ஏண்டி, பாதியில நின்னுபோன சமாசாரத்தை நடுக்கூடத்துல வெச்சுண்டு யாராவது நல்ல காரியம் பேசுவாளா? அபசகுனம்!"

"பாதியில நின்னா கலைச்சு மூடிடணுமா? அப்படின்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு, காட்டு." கோமளத்தின் குரல் உயர்ந்தது. "மூடவும் மாட்டேன், முதல்லேர்ந்து ஆரம்பிக்கவும் மாட்டேன். விட்ட இடத்துலேர்ந்து கோப்பேன்."

அனுஷாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. அவள் அம்மாவையே பார்த்தாள்.

"எல்லாம் உன்னைச் சொல்லணும்." ஆராவமுதன் அனுஷா பக்கம் திரும்பினார். "வரனை நீயே பாத்தே, நீயே பேசினே. ரெண்டாயிரமாவது வருஷம் வரப்போறது, காலம் மாறிடுத்துன்னு நானும் வாயை மூடிண்டேன். இதையாவது உங்கம்மாகிட்ட எடுத்துச் சொல்லப்படாதா?"

"சும்மா இருங்கோ மாமா. அம்மா சொன்னா சொன்னதுதான்."

அவர் தங்கை பக்கம் திரும்பினார். "சரி, மைசூர்க்காராளுக்குப் பதில் போடணுமே. உன் கையெழுத்துதான் அழகா இருக்கும். நான் சொல்றேன், எழுது."

கோமளம் ஓசூர் போர்டு ஸ்கூலில் படித்தவள். என்ன கோபத்திலும் கடித முறை தப்பாது. வலது மூலையில் ஊர், தேதி. கீழே மரியாதை. 'ஞாயிற்றுக்கிழமை தங்கள் வரவை எதிர்பார்க்கிறோம்' என்பதுவரை அண்ணா சொன்னதை எழுதினாள். அதற்கப்புறம் அவர் வாயைப் பார்க்கவில்லை. பேனா தன் பாட்டுக்கு ஓடியது. முடித்துவிட்டு உரக்கப் படித்தாள்.

"எங்கள் கூடத்து மேஜையில் ஒரு பலகை இருக்கும். அது நகராது. கல்யாணம் நிச்சயமானால் பெண்ணோடு அதுவும் வரும். ஈரம் படாமல், எலி தொடாமல், படுக்கையாக வைக்க உங்கள் வீட்டில் இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டு வரவும். இல்லையென்றால் மைசூரிலிருந்து சிரமப்பட்டு வர வேண்டாம்."

சரசு வாயில் கை வைத்தாள். "வெள்ளிக் குடம் குடுப்பா, குத்துவிளக்கு குடுப்பா. அட்டைத் துண்டைச் சீராக் குடுக்கறவாளை இப்பத்தான் பாக்கறேன்!"

"நன்னாப் பாத்துக்கோங்கோ மன்னி. இந்த ஆத்துச் சீர் இதுதான்."

"வந்த வரன் ஓடிப்போயிடும்டி!" என்று ஆராவமுதன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓடட்டும். ஒரு பலகைக்கு இடம் இல்லாத ஆத்துல பொண்ணுக்கு மட்டும் எங்கேர்ந்து இடம் வரும்?"

உறைமேல் 'ஸ்ரீ ஜெயராமன் அவர்கள்' என்று எழுதினாள். பசை தடவி ஒட்டினாள். ஸ்டாம்பை விரலால் நன்றாக அழுத்தி, அனுஷாவிடம் நீட்டினாள்.

தபால் பெட்டி எதிர்சாரியில்தான். கோமளம் ஜன்னலுக்கு வந்து நின்றாள். தெருவைக் கடந்த அனுஷா, உறையைப் பெட்டியின் வாயில் பாதி நுழைத்துவிட்டுத் திரும்பிக் கத்தினாள்.

"அம்மா! கடைசியாக் கேக்கறேன். பொண்ணே மாப்பிள்ளைக்குக் கண்டிஷன் போட்டு லெட்டர் எழுதறதை இந்த மல்லேஸ்வரத்துல யாரும் பாத்திருக்க மாட்டா. போட்டுடட்டுமா?"

காய்கறி வண்டிக்காரர்கூட நின்று ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"போடுடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி பதில் கொடுத்தாள், ஐம்பத்திரண்டு வயதுக் கல்யாணப் பெண்.