கொப்பியில் வெடித்த குண்டு

‘குண்டு பத்து மணிக்கு வெடித்தது.’

பிரசாந்தினி தன் கையாலேயே எழுதி, பச்சைப் பேனையால் அடிக்கோடும் போட்டு வைத்திருந்த அந்த வரியில் காவலரின் விரல் வந்து நின்றது.

விரல் கீழே இறங்கியது. ‘கப்பல் துறைமுகத்துக்குள் மூழ்கியது.’ அதற்கும் கீழே, ‘அவன் பாஸ் இல்லாமல் வாசலைக் கடந்து போனான்.’ எல்லாம் இங்கிலீசில், பக்கத்திலேயே தமிழ்க் கருத்தோடு. திருகோணமலைத் துறைமுக வாசலில், பை சோதிக்கிற மேசையில் விரித்து வைக்க இதைவிட நல்ல கொப்பி தேடினாலும் கிடைக்காது.

அது வெறும் பாடக்கொப்பிதான். ‘கோ’ என்ற ஒரே ஒரு வினைச்சொல். போவது என்றுதான் எல்லோருக்கும் தெரியும்; ஆனால் அதன் பின்னால் ‘ஓஃப்’ சேர்ந்தால் குண்டு வெடிக்கும், ‘டவுன்’ சேர்ந்தால் கப்பல் மூழ்கும், ‘த்ரூ’ சேர்ந்தால் ஆள் வாசலைக் கடந்துவிடுவான். ஊரில் நடக்கிற மாதிரிச் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்று, வீட்டில் இங்கிலீசு வகுப்பு எடுக்கிற பாக்கியரத்தினம் சேர் உதாரணங்களையெல்லாம் துறைமுகத்திலேயே வைத்துவிட்டார்.

இதைச் சொல்லி விளங்கப்படுத்தலாம். ஆனால் விளங்கப்படுத்தப் போய் என்ன நடக்கும் என்று அவள் வீட்டுக்குத் தெரியும்.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ரேடியோ திருத்துகிற அப்பா கனகரத்தினத்தை ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சட்டைப் பையில் இருந்தது ஒரு பழைய ரேடியோவின் வயர்ப் படம். அதை விளங்கப்படுத்தி வீடு திரும்ப அவருக்குப் பதினேழு நாள் எடுத்தது.

அன்றிலிருந்து அப்பா பை வைத்த சட்டை போட்டதில்லை. வெளியே போகிற எவருடைய கைப்பையையும் அம்மா குணேஸ்வரி கவிழ்த்து உதறிப் பார்க்காமல் விடமாட்டாள். எழுதிய காகிதம் ஒரு துண்டும் படி தாண்டக் கூடாது. கடைச் சாமான்களைக்கூட மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்றைக்குப் பார்த்து அம்மா விடியவே கோணேசர் கோயிலுக்கு அர்ச்சனைக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு மகளுக்குத் துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கம்பனியில் கிளார்க் வேலைக்கு நேர்முகம், அதுவும் இங்கிலீசில். பஸ்ஸில் கடைசியாக ஒருதரம் பார்ப்போம் என்று இவள் கொப்பியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

மணிக்கூட்டில் ஒன்பது நாற்பது. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு விட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

காவலர் தலை நிமிரவில்லை. அவருடைய இடது உள்ளங்கையில் நீலப் பேனையால் எதையோ கிறுக்கியிருந்தது. யாருடைய வாகன நம்பரோ. ஜன்னலால் எட்டிப் பார்த்த இன்னொரு காவலர் கொப்பியைக் கண்டுவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“இது நீங்க எழுதினதா?” தமிழ் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

“ஓம் சேர். பாடம் சேர்.”

“யார் சொல்லித் தந்தது?”

பாக்கியரத்தினம் சேருக்கு அறுபத்தொரு வயது, பிரஷருக்குக் குளிசை போடுகிற மனுசன். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றாலே விழுந்துவிடுவார்.

“ஒருத்தரும் இல்ல சேர். நானாத்தான் எழுதினனான்.”

“பொய் வேணாம்.” காவலர் கொப்பியைத் தட்டினார். “இது தனிய ஏலாது. நல்லாத் தெரிஞ்ச ஆள் ஒண்டு இருக்கு. பேர் என்ன?”

அவள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பதினேழு நாளும் அம்மா அடுப்பு மூட்டாமல் குசினிக்குள் இருந்தது கண்ணுக்குள் வந்தது.

“பாக்கியரத்தினம் சேர்,” என்றாள். சொன்ன வாயில் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

“வீடு?”

“அன்புவழிபுரம். வாசிகசாலைக்குப் பின்னால.”

“ஆக்கள் எப்ப வாறது?”

“சனி, ஞாயிறு. பின்னேரம் நாலு மணிக்கு.”

“எத்தின பேர்?”

“பன்ரெண்டு பேர். அவர் பாவம் சேர், அவரை ஒண்டும் செய்யாதேங்கோ. எல்லாப் பிழையும் என்னிலதான்.” அதற்குமேல் அவளுக்கு அழுகைதான் வந்தது.

காவலர் ஒன்றுவிடாமல் ஒரு துண்டில் எழுதி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பின்னால் நின்ற லொறிக்காரரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

திரும்பி வந்தவர் கொப்பியை அவள் பக்கம் தள்ளினார். பிறகு இடது கையை மேசையில் விரித்து வைத்தார். உள்ளங்கையில், வியர்வையில் பாதி அழிந்த இங்கிலீசு எழுத்துகள்: கோ, வென்ட், கோன்.

“தங்கச்சி,” என்று குரலைத் தாழ்த்தினார். “அந்த வகுப்பில இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா?”