பொம்மைக்குப் பக்கத்தில்

ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடியில் செண்பகவல்லி அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த அரக்குக் கலரை எடுத்துக் காட்டேன்." மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"இருங்கக்கா, வேலையா இருக்கேன்ல" என்றாள் விற்பனைப் பெண், திரும்பாமலே.

மேடையில் நின்ற பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தாள் அவள். மண்டியிட்டு, கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவினாள். எழுந்து, பொம்மையின் கன்னத்துத் தூசியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது. கல்யாணத்தன்றுகூட அவளுக்கு யாரும் இத்தனை பதமாகக் கட்டிவிட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறிப் பொம்மைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடி மண்டியிட்டு, இவளுடைய கொசுவத்தை நீவத் தொடங்கினாள்.

அந்தக் கை நின்றுவிடக் கூடாதே என்று செண்பகவல்லி மூச்சை அடக்கிக்கொண்டாள்.