உள்ளே வர அனுமதி

விமானம் பெங்களூருக்கு மேல் மூன்றாவது முறையாக வட்டமடித்தது. நரேஷ் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, இறங்கவே மாட்டேங்குது?" என்றான் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம்.

விமானம் ஓட்டப் படிப்பவள் அவள். மடியில் விமான விதிகள் புத்தகம் இருந்தது.

"பயப்படாதீங்கண்ணா, டிராபிக்தான். கீழே இருக்கறது கட்டுப்பாட்டு வான்வெளி. ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல அனுமதி தராம ஒரு ஈ கூட உள்ள நுழைய முடியாது."

"தரலைன்னா?"

"வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்!"

அவள் சிரித்தாள். நரேஷுக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. தரையிறங்க அனுமதி கிடைத்துவிட்டதாகக் கேப்டன் அறிவித்தார்.

"பாத்தீங்களா, கொடுத்துட்டாங்க! இன்னும் ஏண்ணா கைப்பிடியை விடல?"

"விமானத்துக்குத்தானேம்மா கொடுத்திருக்கா. எனக்கு இன்னும் கொடுக்கலையே."

"யாரு?"

"என் பொண்டாட்டி. இன்னிக்கு டவர்ல அவதான் டியூட்டி. போன வாரம் சண்டை போட்டு, கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன். கிளம்பறப்ப ஒரே வார்த்தைதான் சொன்னா: 'என் அனுமதி இல்லாம இனி உள்ள வந்து பாரு!'"