உள்பக்கத் தாழ்ப்பாள்

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் மனைவி ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"பேங்க்காரர் வர்றாருங்க. டிவியை அணைங்க."

கணவன் அணைத்தான். வாசல் செருப்புகளை அவள் முன்பே உள்ளே எடுத்துப் போட்டு, கதவைத் தாழிட்டிருந்தாள். இருவரும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவனுடைய வலது கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

அழைப்பு மணி விடாமல் அடித்தது.

"எத்தனை நாளைக்குடி இப்படி ஒளிஞ்சுக்கறது?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"கடன் அடையற வரைக்கும். பேசாம நில்லுங்க."

மாடி வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. படியிறங்கி வந்து பேங்க்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார், உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா? அந்தத் தம்பி வண்டியை வித்துட்டு வேலைக்கு நடந்து போறார். வாயைக் கட்டி வயித்தைக் கட்டி கடனை அடைக்கிறாங்க. வீடு தேடி வந்து கழுத்தை நெரிக்கணுமா?"

"ஐயோ, நான் வசூலுக்கு வரலைங்க! ஒரு தவணைகூடத் தப்பாம பாதிக்கு மேல அடைச்சுட்டாங்க. அதனாலதான் கடன் வரம்பை ரெண்டு மடங்கா ஏத்திக் கொடுக்கச் சொல்லி மேனேஜர் அனுப்பினார். புது வண்டியே வாங்கலாம். சார் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்!"

கதவுக்குப் பின்னால் கணவனின் முகம் மலர்ந்தது.

"புது வண்டியாம்டி..."

மனைவியின் பிடி இன்னும் இறுகியது.

"கை வலிக்குது, விடு."

"அவர் தெருமுனையைத் தாண்டட்டும். அப்புறம் விடறேன்."