இரங்கல் பக்கத்து வேகம்

அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

எதிரே, கம்ப்யூட்டர் மேஜையில், மருமகள் உலகம்மாள் இஞ்ச் டேப்பை விரித்து வைத்து, அதை ஒட்டி மவுஸை இழுத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தாறு அங்குலத்தில் மேஜை முடிந்துவிட்டது. மவுஸ் போய்க் காபி டம்ளரில் இடித்தது.

திரையில் துப்பாக்கியோடு நின்ற உருவம் இன்னும் ஒரு முழுச் சுற்றுத் திரும்பி முடிக்கவில்லை.

"ஒரு முழுச் சுத்துக்குப் புதன்கெழம பத்து அங்குலம். வியாழக்கெழம அஞ்சு. இன்னைக்கு நாப்பது இருக்கும்போல. கேம்ல வேகத்துக்கு வச்ச சென்சிட்டிவிட்டி நம்பர நான் தொடவே இல்ல மாமா. பேய் புடிச்ச மாதிரில்லா இருக்கு."

"ம்."

பத்து அங்குலம்தான் அவள் கைக்குப் பழக்கம். முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டால் ஐந்து அங்குலத்தில் திரும்பிச் சுட்டுவிடுவாள். வியாழக்கிழமை கையை லேசாக அசைத்ததும் உருவம் பம்பரமாகச் சுற்றி, எதிரியை விட்டுவிட்டுச் சுவரைச் சுட்டது. இன்றைக்கோ திரும்பி முடிப்பதற்குள் பிணமாகிவிடுவாள்.

அதுகூடப் போகட்டும்.

விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பெயர் மேலவீடு.

பாளையங்கோட்டையில் நான்கு தலைமுறையாக அந்தப் பெயருக்கென்று ஒரு மரியாதை உண்டு. கோயில் கொடை அழைப்பிதழில் முதலில் அச்சாகிற பெயர். வியாழக்கிழமை அது திரையின் ஓரத்தில் பதினான்கு முறை வந்தது. 'மேலவீடு வீழ்ந்தது.'

பங்காளி சிதம்பரம் ஆட்டத்தைத் தன் போனில் பார்த்து எண்ணியிருக்கிறார். மறுநாள் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, மேலவீடு நேத்து பதினாலு தடவ விழுந்துட்டே? கட்டடம் பழசுல்லா?"

இன்னும் இருபது நிமிடத்தில் மாவட்ட இறுதிப் போட்டி. சிதம்பரம் வீட்டில் டிவியிலேயே போட்டுக் குடும்பத்தோடு பார்க்கப்போகிறார்களாம்.

மவுஸ் இப்படி ஆனதற்குக் காரணம் மாமனாருக்குத் தெரியும்.

இப்போதுதான் தெரிந்தது. டம்ளர் இடிபட்ட சத்தத்தில்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்று, சம்பந்திகள் முன்னிலையில் அவர் சொல்லியிருந்தார், அந்தப் பெட்டி முன்னால் தான் குனிந்து உட்காரப்போவதில்லை என்று.

குனிந்து உட்காரவில்லை. நிமிர்ந்துதான் உட்கார்ந்தார்.

தினமும் காலையில், பூசை முடிந்து, அவள் குளிக்கப் போன பிறகு. அச்சடித்த பேப்பரில் எழுத்துகளை இப்போதெல்லாம் ரொம்பச் சிறிதாகப் போடுகிறார்கள். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மகனிடம் சொல்வதைவிட, திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது கௌரவமாக இருந்தது. படித்து முடித்தபின் தன் நாற்காலிக்கு வந்து, பேப்பரை விரித்துக்கொண்டு, மூன்றாம் பக்கத்துப் பொடி எழுத்தைக்கூட ஒரு முழம் தள்ளி வைத்துச் 'சொல்லுவார்'. தெருவில் அவர் கண்பார்வைக்கு நல்ல பெயர்.

மவுஸின் அடியில் ஒரு சின்னப் பொத்தான். அமுக்க அமுக்க, நிதானத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறும் நான்கு வேகம். இந்த வாரம் அவரே கண்டுபிடித்தது.

அரசியல் பக்கத்துக்கு வேகம் வேண்டும். பொய்களைச் சட்டென்று தாண்ட வேண்டும்.

இரங்கல் பக்கத்துக்கு நிதானம். போனவர்களை அவசரமாகப் பார்க்கக் கூடாது.

எந்தப் பக்கத்தில் படித்து முடித்தாரோ, அந்த வேகத்திலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

இன்று இரங்கல் மட்டும் ஒன்றரைப் பக்கம்.

உலகம்மாளுக்கும் அந்தப் பொத்தானைத் தெரியும். மவுஸ் வாங்கிய அன்று மூன்றாம் வேகத்தில் அமுக்கி வைத்ததோடு சரி. அதன் பிறகு இந்த வீட்டில் வேறு யார் அமுக்கப்போகிறார்கள்?

அவள் டேப்பைச் சுருட்டினாள்.

"மவுஸச் சொல்லிக் குத்தமில்ல மாமா. என் கைதான் போச்சு."

பேப்பர் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது.

"பேர மாத்திடுதேன். உலகுன்னு மட்டும் போட்டுக்கிடுதேன். தோத்தா என்னோட போவட்டும். வீட்டுப் பேரு எதுக்கு அசிங்கப்படணும்?"

விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

மேலவீ.

மேல.

பேப்பர் ஆடியது.

"அடியில ஒரு பொத்தான் இருக்கும் பாரு."

அவள் கை நின்றது. "எதுக்கு அடியில?"

"மவுசுக்கு."

"உங்களுக்கு எப்பிடி மாமா தெரியும்?"

அவர் தொண்டையைச் செருமினார். ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"பேப்பர்ல போட்டிருக்கான்."

அவள் மவுஸைப் புரட்டினாள்.

பொத்தானைச் சுற்றியிருந்த பள்ளத்தில் விபூதி அப்பியிருந்தது.



அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. விபூதியை மோதிர விரலால் வழித்தாள். நெற்றியில் இட்டுக்கொண்டாள். அழித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தாள்.

பிறகு, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தன தடவ அமுக்கணும்னு போட்டிருக்கான் மாமா?"



பேப்பருக்கு மேலே இரண்டு விரல்கள் எழுந்தன.

வளையாமல்.