தெருக்கோடி ஜெராக்ஸ் கடை

“பேர் என்னம்மா?” பள்ளிக்கூட கிளார்க் அம்மாள் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள்.

முந்திக்கொண்டு பேரைச் சொன்னவர் அப்பா, மருந்துக்கடைக்காரர்.

“இதுவரைக்கும் எந்த ஸ்கூல்ல படிச்சே?”

அதற்கும் அவரே பதில் சொன்னார்.

“பதினொண்ணுல என்ன பாடம் எடுக்கப் போறே?”

“இதுல என்னங்க கேள்வி? உயிரியல்தான். டாக்டராகப் போறவ. என் கடைக்குப் பக்கத்து ரூமைக்கூட இவளுக்காகக் காலி பண்ணி வெச்சாச்சு.”

மகள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளார்க் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். “மார்க் ஷீட் ரெண்டு ஜெராக்ஸ் வேணும்.”

“அதோ மெஷின் இருக்கே? இங்கேயே எடுக்கலாமே?”

துணி போர்த்தி மூலையில் கிடந்தது அது.

“ஓடாது. தெருக்கோடியில கடை இருக்கு. பொண்ணு உட்காரட்டும், நீங்க போயிட்டு வாங்க.”

கடையில் நல்ல கூட்டம். சம்பளம் மட்டும் மாசம் பொறந்தா டாண்ணு வாங்கத் தெரியுது, ஒரு மெஷினை ரிப்பேர் பண்ணத் துப்பில்லை என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தபடி அரை மணி நேரம் வரிசையில் நின்றார்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மகளின் குரல். எந்தக் காலத்திலோ ஒரு ஆறு திசை மாறியதையும், அதனால் ஒரு ஊரே காலியானதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பதற்கு மேல் வாய் திறக்காதவள்.

மேசையில் படிவம். வரலாறு, புவியியல் என்று மகளின் கையெழுத்தில் இருந்தது.

“டாக்டர் வேண்டாமா?”

“மருந்து வாசனையே எனக்கு ஆகாதுப்பா. நம்ம கடைக்கு வந்தாலே குமட்டும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல.”

வருத்தமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் இது தனக்குத் தெரியாமலே போனது அதைவிட வருத்தமாக இருந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

கேட்டைத் தாண்டியதும் அறையில் விட்டுவிட்டு வந்த குடை ஞாபகம் வந்தது. மகளை அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

அறையில் அந்த மெஷின் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் வராந்தாவில் காலடிச் சத்தம். கிளார்க் அம்மாள் சட்டென்று மெஷினை அணைத்து, துணியை இழுத்துப் போர்த்திவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒரு தாயும் மகனும் உள்ளே வந்தார்கள்.

“பேர் என்னப்பா?”

தாய் சொன்னாள். எந்த ஸ்கூல் என்பதையும் தாயே சொன்னாள். என்ன பாடம் என்பதையும்தான்.

“மார்க் ஷீட் ரெண்டு ஜெராக்ஸ் வேணும். இந்த மெஷின் ஓடாது.”

அந்தத் தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. குடையோடு நின்றவரிடம் திரும்பினாள். “ஏங்க, நிஜமாவே ஓடாதா?”

மருந்துக்கடைக்காரர் மெஷினைப் பார்த்தார். கிளார்க் அம்மாளைப் பார்த்தார்.

“ஓடாதும்மா. தெருக்கோடிக் கடைக்குப் போங்க. பையன் இங்கேயே இருக்கட்டும். அவசரமே இல்ல, மெதுவா வாங்க.”