கம்பியை அமுக்கிய பிறகு

பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் செத்துப்போயிருந்த எதிரொலிச் சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு, எட்வின் புதியதைப் பற்றவைத்து முடித்தான். காய்ச்சலில் காது போனதிலிருந்து பட்டறைப் பக்கமே வராத அவன் மனைவி ஜெசிந்தா, என்ன தோன்றியதோ, வந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவன் கிட்டாரை ஒருமுறை மீட்டிவிட்டு உடனே கம்பிகளை அமுக்கினான்.

“நீங்கதான் நிறுத்திட்டீங்களே, இது இன்னும் நடுங்குதே?”

அவளாக எதையாவது கேட்டு ஒரு வருஷமிருக்கும். எட்வின் எதிரொலிக் குமிழைக் கூட்டி மறுபடி மீட்டினான்.

“இப்ப ரொம்ப தூரம் போகுது. எங்க போகுதுங்க?”

வாசலில் ஆம்ப்ளிஃபயரின் சொந்தக்காரர் வந்து நின்றார். “வேலை முடிஞ்சுதா, எட்வின்?”

ஜெசிந்தா இன்னொரு கையையும் பெட்டியின் மேல் வைத்தாள்.

“இன்னும் இல்லீங்க சார்,” என்றான் எட்வின்.